காண்பதும் நோக்குவதும்

கண் படைத்தோர் எல்லாரும் காண்கின்றனர். கண்டதைக் கருத்தில் வாங்கி நோக்குவோர் சிலரே. நாள்தோறும் நாம் நடந்து செல்லும் தெருவில் எத்தனை மரங்கள் நிற்கின்றன என்று ஒருவர் திடீரென வினவினால் நம்முள் பலர் விடை கூற இயலாமல் திகைப்போம். நம்மோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கும் பாட்டியார் சிறுமியாய் இருந்தபோது எந்த ஊரில் வாழ்ந்தார், எதைக் கண்டு அஞ்சினார், எதைக் கண்டு மகிழ்ந்தார் என்பதையும் நாம் அறியோம். பழகிய பொருள் கண்ணெதிரே இருந்தும் மறைந்து போகின்றது. அவ்வாறு மறைந்ததை மீட்டு நம் கண்முன் நிறுத்துவது கலைஞரின் கடமைகளுள் ஒன்றாகும். கவிஞர் அதனைச் சொல்லால் செய்கின்றார். ஓவியர் வண்ணத்தால் செய்கின்றார். ஆவணப்படம் எடுப்போர் ஒளியாலும் ஒலியாலும் செய்கின்றனர்.

ஆவணப்படத்தின் தோற்றம்

கதைப்படத்தில் நடிகர் ஒருவர் மற்றொருவராக வேடம் புனைந்து நடிக்கின்றார். ஆவணப்படத்திலோ உண்மையான மனிதர் உண்மையான இடத்தில் தம் வாழ்வை வாழக் காண்கின்றோம். இதனை விவரணப்படம் என்றும் முன்னர் வழங்கினர். சில மணித்துளிகளில் முடிவதாயின் அதனைக் குறும்படம் என்பர்.

திரைப்படக் கலை பிறந்ததே இத்தகைய சிறு படங்களாகத்தான். பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூமியேர் உடன்பிறந்தார் இருவரும் 1895ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பாரிசு மாநகரத்தில் கட்டணம் பெற்றுப் படங்களைக் காட்டினர். அன்று காட்டிய பத்துப் படங்களுள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது நொடிகளே ஓடியது. அவற்றுள் ஒன்று மிக எளியது. மூத்தவராகிய ஆகுஸ்தும் அவர் மனைவியாரும் தோட்டத்தில் அமர்ந்து தம் குழந்தைக்கு உணவூட்டுகின்றனர். அதனை இளையவராகிய லூயி படம் பிடித்தார். அரசரும் இல்லை, போரும் இல்லை. ஒரு குடும்பம், ஒரு குழந்தை, ஒரு கரண்டி உணவு. இவ்வளவே அப்படம். ஆயினும், நூறாண்டுகளுக்கு மேலாகியும் அதனைக் காண்போர் முகம் மலர்கின்றது.

பின்னர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி என்னும் அமெரிக்கர், கனடாவின் வடகோடியில் பனி சூழ்ந்த நிலத்தில் வாழும் இனுயிட் மக்களிடையே தங்கி, ‘வடக்கின் நானூக்’ என்னும் நீண்ட படத்தை எடுத்து 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலகம் அதனைப் போற்றியது. ஆனால், அப்படத்தில் நானூக்கின் மனைவியாராகத் தோன்றும் பெண் உண்மையில் அவருடைய மனைவியார் அல்லர். அவருடைய இயற்பெயரும் நானூக் அன்று. அக்காலத்து இனுயிட் மக்கள் துப்பாக்கி கொண்டு வேட்டையாடப் பழகியிருந்தும், படத்துக்காகப் பழைய முறையில் ஈட்டி எறிந்தனர். பனிவீட்டின் உள்ளே படம்பிடிக்க ஒளி போதாமையால், ஒருபுறம் திறந்த பனிவீடு ஒன்று தனியே கட்டப்பட்டது. இவற்றை அப்படம் காண்போர்க்குக் கூறவில்லை.

ஃபிளாஹெர்ட்டியின் மற்றொரு படமாகிய ‘மோவானா’வைப் பற்றி 1926ஆம் ஆண்டில் ஜான் கிரீயர்சன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் எழுதினார். அக்கட்டுரையில் அவர் ஆண்ட சொல்லே ஆங்கிலத்தில் இவ்வகைப் படங்களுக்குப் பெயராக நிலைபெற்றது. பெயர் நிலைத்தது; அதனோடு ஒரு வினாவும் நிலைத்தது. படம் எடுப்பவர் தாம் காட்டும் மனிதர்க்கும், தம் படத்தைக் காணும் மனிதர்க்கும் எவ்வாறு உண்மையாய் நடந்துகொள்வது என்பதே அவ்வினா. இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுதும் விடை தேடியவர் ஓர் அம்மையார். அவரையும் அவர் எடுத்த மூன்று குறும்படங்களையும் இப்பாடத்தில் காண்போம்.

ஆக்னஸ் வார்தா

ஆக்னஸ் வார்தா அம்மையார் 1928ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் பெல்ஜியம் நாட்டுப் பிரசல்ஸ் நகரத்தில் பிறந்தார். தந்தையார் கிரேக்கர், தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஆர்லெத் என்பது. பதினெட்டு வயதில் அவர் தாமே அப்பெயரை மாற்றி ஆக்னஸ் என்று வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போர் பெல்ஜியத்தைச் சூழ்ந்தபோது, 1940ஆம் ஆண்டில் அக்குடும்பம் பிரான்சின் தென்கரையில் உள்ள சேத் என்னும் துறைமுக நகரத்தை அடைந்தது. அங்கே அவர்கள் ஒரு படகையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்தனர்.

பின்னர்ப் பாரிசில் கலைவரலாறும் ஒளிப்படக் கலையும் பயின்ற அம்மையார், ஒரு புகழ்பெற்ற நாடக மன்றத்தின் ஒளிப்படக் கலைஞராய்ப் பணியாற்றினார். திரைப்படத் தொழிலில் அவருக்கு ஆசிரியரும் இல்லை. பெரிய நிறுவனத்தாரின் துணையும் இல்லை. 1954ஆம் ஆண்டில் அவர் தாமே ஒரு சிறு படநிறுவனத்தைத் தொடங்கினார். பிறரிடம் கைகட்டி நில்லாமல் தம் மனம் விரும்பியதைப் படமாக்கும் உரிமை அதனால் கிட்டியது. உரிமை கிட்டிய இடத்தில் வசதி கிட்டுவதில்லை. குறைந்த பொருள், சிறு கருவி, சிலரே ஆன துணைவர் என்னும் நிலையில் அவர் படம் எடுத்தார். இத்தகைய எளிமையே அவரை அருகில் உள்ளவற்றின்பால் திருப்பியது. தொலைநாட்டுக் காட்சியைத் தேடிப் பெரும்பொருள் செலவிட இயலாதவர், தம் தெருவையும் தம் உறவினரையும் தம் பழைய படங்களையும் உற்று நோக்கத் தொடங்கினார்.

தெருவில் ஒரு நாற்காலி

பாரிசு நகரத்தில் மூஃப்தார் என்பது ஒரு பழந்தெரு. காய்கறி, கனி, இறைச்சி, மலர் ஆகியவை விற்கும் சந்தை அங்கே கூடும். 1950களில் அது ஏழை மக்கள் மிகுதியாய் வாழ்ந்த பகுதி. குளிர்காலத்தில் கந்தைப் போர்வை போர்த்த முதியோரும், குடித்து மயங்கித் தெருவோரத்தில் கிடப்போரும் அங்கே காணப்பட்டனர்.

அந்நாளில் வார்தா அம்மையார் தம் முதற் குழந்தையைக் கருவுற்றிருந்தார். அவர் மடக்கு நாற்காலி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அத்தெருவுக்குச் செல்வார். சந்தைக் கூட்டத்தின் நடுவே அதன்மேல் ஏறி நின்று சிறு காமிராவால் படம் பிடிப்பார். முதலில் மக்கள் அவரை வியப்புடன் பார்த்தனர். நாள்தோறும் வரவே, கடைக்காரருள் ஒருவரைப் போலவே அவரையும் கருதித் தத்தம் வேலையைப் பார்க்கலாயினர். மறைந்திருந்து படம்பிடிப்பது ஒரு முறை. எல்லார்க்கும் தெரிய நின்று, பார்வைக்குப் பழகிப்போகும் வரையில் காத்திருப்பது மற்றொரு முறை. முன்னையது திருட்டுக்கு ஒப்பாகலாம். பின்னையதற்குப் பொறுமை என்னும் விலை தரவேண்டும். அம்மையார் அவ்விலையைத் தந்தார்.

‘ஒபேரா மூஃப்’ என்னும் அப்படம் 1958ஆம் ஆண்டில் உருவாயிற்று. பதினாறு மணித்துளி அளவே ஓடும் அப்படத்தில் உரையாடல் இல்லை. ஜார்ஜ் தெலரூ என்பார் அமைத்த இசையும், கையால் எழுதிய சிறு தலைப்புகளுமே உண்டு. குடிமயக்கம், கவலை, மசக்கை என அத்தலைப்புகள் செல்கின்றன. ஓரிடத்தில் பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கத்தியால் பிளந்து விதைகளை வழித்தெடுக்கக் காண்கின்றோம். கருவுற்ற பெண்ணின் வயிறும் காட்டப்படுகின்றது. காய்க்குள் விதையும் தாய்க்குள் சேயும் அடங்கியிருத்தலை ஒரு சொல்லும் இன்றி அக்காட்சிகள் உணர்த்துகின்றன.

அப்படத்தின் உயிர் அதிலுள்ள முகங்களே. இருமும் கிழவர், பையைச் சுமந்து மெல்ல நடக்கும் மூதாட்டி, காமிராவை வெறித்துப் பார்க்கும் குடிகாரர் என ஒவ்வொருவராய் வருகின்றனர். தம் வயிற்றில் ஒரு குழந்தையைச் சுமந்த அம்மையார்க்கு அம்முகங்களைக் கண்டபோது ஓர் எண்ணம் தோன்றியது. இவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் பிறந்த குழந்தைகளாய் இருந்தவர்கள்; ஒரு தாய் இவர்களையும் அள்ளி அணைத்து முத்தமிட்டிருப்பாள் என்பதே அவ்வெண்ணம். அவ்வாறு நினைக்குங்கால் தெருவோரத்தில் கிடக்கும் மனிதர் வேறொருவராய்த் தோன்றுகின்றார். அவரை வெறுத்து ஒதுக்க மனம் வருவதில்லை. அதே நேரத்தில் ஓர் அச்சமும் எழுகின்றது. தம் வயிற்றில் நம்பிக்கையோடு வளரும் குழந்தையும் நாளை இத்தகைய துன்பத்தை அடையுமோ என்பதே அவ்வச்சம். தாய்மையின் இன்பத்தை மட்டும் பாடாமல், அதன் அச்சத்தையும் மறைக்காது காட்டியமையே இப்படத்தின் சிறப்பாகும்.

உறவைத் தேடி

1967ஆம் ஆண்டில் அம்மையார் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்குச் சென்றிருந்தார். அருகில் உள்ள சாசலிட்டோ என்னும் ஊரில் வார்தா என்னும் பெயருடைய முதிய ஓவியர் ஒருவர் நீர்மேல் மிதக்கும் பழைய கப்பலில் வாழ்கின்றார் என்னும் செய்தி அவருக்குக் கிட்டியது. அவர் 1893ஆம் ஆண்டில் சிமிர்னா நகரத்தில் பிறந்த கிரேக்கர்; துணித்துண்டுகளையும் தாள்களையும் ஒட்டி ஓவியம் அமைப்பவர்; யான்கோ என்று எல்லாராலும் அன்புடன் அழைக்கப்பட்டவர். அம்மையாரின் தந்தையார்க்கு அவர் ஒன்றுவிட்ட உறவினர். ஒருவரையொருவர் அதுவரையில் கண்டதே இல்லை.

அவரைக் கண்ட மகிழ்ச்சியில், சில நாள்களுக்குள் அம்மையார் ‘ஓங்கிள் யான்கோ’ என்னும் குறும்படத்தை எடுத்து முடித்தார். ‘ஓங்கிள்’ என்பது பெரியப்பா, சிற்றப்பா, மாமா ஆகிய எல்லாரையும் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நுணுகி நோக்கின் யான்கோ அம்முறைகளுள் ஒன்றிலும் அடங்கார்; அவர் தந்தையாரின் ஒன்றுவிட்ட உறவினரே. ஆயினும், அவருடைய முதுமையையும் அன்பையும் எண்ணி அம்மையார் அவரை அவ்வாறு அழைத்தார். உறவு இரத்தத்தால் அமைகின்றது. அழைக்கும் சொல்லாலும் அது வளர்கின்றது என்பதற்கு இது சான்றாகும். போரினால் அகதியாகிப் படகில் வளர்ந்த பெண், பிறந்த மண்ணை விட்டு வந்து கப்பலில் வாழும் பெரியவரைக் கண்டமையும் எண்ணி மகிழத்தக்கது. இருவரும் நிலத்தில் வேரூன்றாமல் நீரில் வேரூன்றியவர் போலும்!

இப்படத்தில் ஒரு காட்சி மிகவும் கருதத்தக்கது. இருவரும் முதன்முதலாகச் சந்திக்கும் காட்சி அது. அம்மையார் கப்பலை நோக்கி வருகின்றார். அவர் யூஜீன் வார்தாவின் மகளோ என்று யான்கோ வினவுகின்றார். ஆம் என்றதும் தழுவிக்கொள்கின்றனர். உடனே அதே காட்சி மீண்டும் வருகின்றது. மறுபடியும் வருகின்றது. ஒருமுறை பிரெஞ்சு மொழியிலும், பிறகு ஆங்கிலத்திலும் கிரேக்கத்திலும் அதே வினாவும் விடையும் நிகழ்கின்றன. படப்பிடிப்பில் தட்டும் பலகையையும் நாம் காண்கின்றோம்.

உண்மையான முதற்சந்திப்பின்போது அங்கே காமிரா இல்லை. ஆகவே, அதனை மீண்டும் நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. ஃபிளாஹெர்ட்டியும் பலவற்றை மீண்டும் நடிக்கச் செய்தார். ஆனால் கூறாது விட்டார். வார்தா அம்மையாரோ, ‘இது மீண்டும் நடித்த காட்சி’ என்பது காண்போர்க்குத் தெளிவாய் விளங்கும்படி செய்தார். நடிப்பு பொய்யாவதில்லை, நடிப்பை மறைப்பதே பொய்யாகும். மறையாது காட்டியதனால் அச்சந்திப்பின் மகிழ்ச்சி குறையவில்லை, பன்மடங்காகப் பெருகியது. அன்புடையார் ஒரு நற்செய்தியைப் பலமுறை சொல்லிச் சொல்லி மகிழ்வதுபோல் அக்காட்சி அமைந்துள்ளது. யான்கோ 1971ஆம் ஆண்டில் மறைந்தார். அப்படம் எடுக்கப்படாதிருந்தால், பிந்திக் கிட்டிய அவ்வுறவின் முகம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஒரு படம், மூவர் நினைவு

மூன்றாவது குறும்படம் ‘உலீஸ்’ என்பது. அது 1982ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ இருபத்திரண்டு மணித்துளி ஓடுவது. அதன் கரு ஒரே ஓர் ஒளிப்படமாகும். 1954ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, கூழாங்கற்கள் நிறைந்த ஒரு கடற்கரையில் அம்மையார் அதனை எடுத்தார். ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக் கடலை நோக்கி நிற்கின்றார். சிறுவன் ஒருவன் கற்களின்மேல் அமர்ந்திருக்கின்றான். முன்புறத்தில் இறந்த ஆடு ஒன்று கிடக்கின்றது. சிறுவனின் பெயர் உலீஸ். அண்டை வீட்டில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அம்மையார் அப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் உள்ளவர்களைத் தேடிச் சென்றார். கடலை நோக்கி நின்றவர்க்கு அந்நாளைப் பற்றித் தெளிவான நினைவு இல்லை. சிறுவனாய் இருந்த உலீஸ் வளர்ந்த ஆடவராய் எதிரே அமர்ந்திருந்தார். அவருக்கு அந்நாள் சிறிதும் நினைவில் இல்லை. அச்சிறுவனே அந்நாளில் அந்த ஒளிப்படத்தைப் பார்த்து வண்ண ஓவியம் ஒன்று தீட்டியிருந்தான். அவ்வோவியத்தைக் காட்டியும் அவருக்கு நினைவு வரவில்லை. அவருடைய தாயாரோ அதனை மறக்கவில்லை. அந்நாளில் மகன் நோயுற்றிருந்தான். ஆகவே, பிறர்க்கு அழகாய்த் தோன்றும் அப்படம் அவருக்குத் தம் துயரத்தையே நினைவூட்டியது. அப்படத்தின் முன் ஒருவர்க்கு மறதியும் மற்றொருவர்க்கு வலியும் உண்டாயின. எடுத்தவருக்கோ அது ஓர் அழகிய அமைப்பு. ஆட்டின் கருத்து யாது? படத்தின் ஒரு பிரதியை ஆடு ஒன்றன் முன் வைத்தனர். அது அதனைத் தின்றுவிட்டது!

அம்மையார் மேலும் ஆராய்ந்தார். அந்நாளைய செய்தித்தாள்களைப் புரட்டினார். அதற்கு இரண்டு நாள் முன்னர்த்தான், மே 7ஆம் நாள், வியத்நாமில் தியன் பியன் பூ என்னும் இடத்தில் பிரெஞ்சுப் படை தோல்வியுற்றிருந்தது. நாடே அதிர்ந்திருந்த வேளை அது. ஆனால், கடற்கரைப் படத்தில் அச்செய்தியின் நிழலும் இல்லை. ஒரு படம் தன் எல்லைக்குள் அடங்கியதை மட்டுமே காட்டும். எல்லைக்கு வெளியே உலகம் எரிந்தாலும் அது பேசாது. இவ்வாறு தாம் எடுத்த படத்தையே தாம் வினவி, அதன் ஆற்றலையும் குறைபாட்டையும் ஒருங்கே காட்டியது இப்படம். 1984ஆம் ஆண்டில் பிரான்சின் உயர்ந்த திரைப்படப் பரிசாகிய சேசார் விருதினை, ஆவணக் குறும்படப் பிரிவில் இது பெற்றது.

மூன்று படங்களும் உணர்த்துவன

முதற் படம் அயலாரை நோக்கியது. இரண்டாவது உறவினரை நோக்கியது. மூன்றாவது தம் பழைய பார்வையையே நோக்கியது. மூன்றினும் ஒரே நெறியைக் காண்கின்றோம். நோக்குபவர் தம்மை மறைத்துக்கொள்ளவில்லை. நாற்காலியின்மேல் எல்லார்க்கும் தெரிய நின்றார். நடித்த காட்சியை நடித்தது என்றே காட்டினார். தம் நினைவும் பிறர் நினைவும் மாறுபடுவதை ஒளியாமல் உரைத்தார். பிறரை உண்மையாய் நோக்க விரும்புவோர் தாம் எங்கே நின்று நோக்குகின்றோம் என்பதையும் சொல்லவேண்டும். இதுவே அவர் கண்ட விடை.

இந்நெறியை அவர் நீண்ட படங்களிலும் கைவிடவில்லை. 1975ஆம் ஆண்டு அளவில், கைக்குழந்தையை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாத நிலையில், தம் வீட்டிலிருந்தே மின்கம்பியை இழுத்து, அக்கம்பி எட்டும் தொலைவுக்குள் இருந்த கடைக்காரர்களைப் படமாக்கினார். அத்தெருவின் பெயர் தகேர். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரின் பெயரே அது. கட்டினையே எல்லையாகக் கொண்டு கலை செய்த திறம் இதுவாகும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த படம் ஒன்றில், சிறு காமிராவை ஒரு கையில் ஏந்தி, சுருக்கம் விழுந்த தம் மறு கையையே படம் பிடித்தார். பிறர் முதுமையை நாற்பது ஆண்டுகளுக்கு முன் நோக்கிய கண், தன் முதுமையையும் அஞ்சாது நோக்கியது. அம்மையார் 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் பாரிசில் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! காமிரா இன்று அரிய பொருள் அன்று. பல இல்லங்களில் கைப்பேசியிலேயே அது அமைந்துள்ளது. கருவி பெருகியது, நோக்கும் பொறுமை பெருகியதா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். படம் எடுக்குமுன் எடுக்கப்படுவோரின் இசைவைப் பெறுங்கள். ஒருவரின் துன்பத்தை வேடிக்கைப் பொருள் ஆக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பழம்படம் ஒன்றை எடுத்து, அதில் உள்ளவர்களிடம் சென்று அமர்ந்து, அந்நாளைப் பற்றிக் கேளுங்கள். ஒருவர் சிரிப்பார், ஒருவர் பெருமூச்சு விடுவார், மற்றொருவர் ஒன்றும் நினைவில்லை என்பார். மூவரும் கூறுவதைப் பொறுமையோடு கேட்டு எழுதி வையுங்கள். கருவி இல்லையாயினும் கவலை இல்லை. தாளும் எழுதுகோலும் போதும். கேளாமல் விட்ட சொற்கள் பேசுவாரோடு மறைந்து போகும். கேட்டு வைத்த சொற்கள் குடும்பத்தின் செல்வமாய் நிற்கும்.

பயிற்சி

1. காண்பதற்கும் நோக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடம் கொண்டு விளக்குக.
2. மூஃப்தார் தெருவில் வார்தா அம்மையார் படம் எடுத்த முறை யாது? அம்முறையை ஆசிரியர் பாராட்டுவது ஏன்?
3. ‘நடிப்பை மறைப்பதே பொய்யாகும்’ — இக்கூற்றினை இருவர் படங்களை ஒப்பிட்டு விளக்குக.
4. கடற்கரையில் எடுத்த ஒளிப்படம் அதனைக் கண்டவர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழுப்பிய உணர்வுகள் யாவை?
5. உங்கள் வீட்டில் உள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.